ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கும் பெட்டி

சென்ற மாதம் பெரியப்பா, சீர்காழிப் பக்கம் உள்ள நிலத்துக்காகக் கைப்பேசியில் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். மாவட்டம், வட்டம், கிராமம் என ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று டிராப்டவுன் பெட்டிகள், தொட்டால் பட்டியல் விரிபவை. முதலாவதில் நாகப்பட்டினத்தைத் தொட்டவர், இரண்டாவதை இருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்: "சீர்காழியையே காணோமேடா தம்பி, எடுத்துட்டாங்களா?"

2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது சீர்காழியும் அதனுடன் போய்விட்டது. அது அவருக்குத் தெரியாததல்ல. 1991 வரை தஞ்சாவூர், அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாகப்பட்டினம் என்று எழுதிப் பழகிய கை, பழைய இடத்துக்கே போயிற்று.

இடைமுக வடிவமைப்பு என் அன்றாட வேலை என்பதால் இது என்னை உறுத்தியது. தரவுத்தளத்தில் மாவட்டம் மேலே இருக்கிறது என்பதற்காகத் திரையிலும் அதையே முதலில் கேட்கிறோம். மாவட்ட எல்லை மாறும், வட்டம் பிரியும். தம் ஊரின் பெயரை மட்டும் யாரும் மறப்பதில்லை. ஆகவே மூன்று பெட்டிகளின் இடத்தில் ஒரே பெட்டியை வைத்து, அதில் ஊர்ப் பெயரைத் தட்டச் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். புதூர் என்று தட்டினால் பல ஊர்கள் வரும் என்பதால், ஒவ்வொன்றின் கீழும் வட்டத்தையும் மாவட்டத்தையும் சிறிய எழுத்தில், நாம் முகவரி எழுதும் அதே வரிசையில் காட்ட வேண்டும். வட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் உள்ள உள்வட்டம் என்னும் பிரிவைப் பயனரிடம் கேட்கவே தேவையில்லை. கிராமம் தெரிந்தால் அதைக் கணினியே நிரப்பிக்கொள்ளும்.

இடத்தை மிச்சப்படுத்தப் பெயரின் வாலை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் வழக்கம் தமிழுக்கு ஒத்துவராது. குறுகிய பெட்டியில் திருவள்ளூரும் திருவண்ணாமலையும் 'திருவ…' என்றே நிற்கும். வரியை மடித்து இரண்டாக்குவதால் உயரம் சற்றுக் கூடினாலும் பெயர் முழுதாகத் தெரியும்.

தேடலில் இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை, கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், ஒரே வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். கொள்ளிடம் என்று சரியாகத் தட்டியவருக்கும் 'முடிவுகள் இல்லை' என்று வருவது இதனால்தான்.

மேலிருந்து இறங்கிவருவதை விரும்புவோருக்குப் பட்டியலும் இருக்கட்டும். ஆனால் அதன் 38 மாவட்டங்கள் அரியலூர், செங்கல்பட்டு, சென்னை, கோயம்புத்தூர், கடலூர் என ஆங்கில அகரவரிசையில் அல்லாமல் தமிழ் அகரவரிசையில் நிற்க வேண்டும். இது மாறினாலே பாதி அலைச்சல் குறையும். பல கிராமங்களைச் சேர்த்துத் தேர்வு செய்யும் அலுவலர்களுக்கு, ஒரு வட்டத்தில் சில மட்டுமே தேர்வானால் அதன் கட்டத்தில் டிக் குறிக்குப் பதிலாகச் சிறு கோடு தெரிய வேண்டும்.

இந்த எண்ணங்களை வைத்து ஒரு மாதிரித் திரை செய்து, போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் கொடுத்தேன். ஊர்ப் பெயரில் மூன்று எழுத்து தட்டியதும் நான்கு வரிகள் வந்தன. அவற்றுள் ஒன்றின் கீழ் 'சீர்காழி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம். முன்பு நாகப்பட்டினம்' என்றிருந்ததை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதைத் தொட்டார்.