பத்தில் ஒன்று குறைந்த இரவு

போன வாரம் புதிதாகச் சேர்ந்த செவிலியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ‘கூட்டுத் தலைமை’ பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். கையில் இருந்த தாளைப் படித்துவிட்டு இறங்கிவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையே என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். 22 வருடமாக, ஆயிரம் படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனைகளில்தான் வேலை.

சேர்ந்த மூன்றாம் வருடம், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு அவசர சிசேரியன். ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணியை மாப் என்போம். தொடங்கும்போது எண்ணிக் கொடுத்த மாப் பத்து. வயிற்றை மூடும் முன் எண்ணினால் ஒன்பது.

“சார், ஒண்ணு குறையுது.”

“நல்லா எண்ணிப் பாருங்க சிஸ்டர்.”

எண்ணினேன். “ஒன்பதுதான் சார்.” டாக்டர் நிமிரவில்லை. வெளியே இன்னொரு தாய் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை நான் வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல், வயிறு உப்பிக்கொண்டது. ஸ்கேனில் தெரிந்தது. மறுபடி திறந்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொள்ள முடியாமல், பால் கட்டி அவள் துடித்த துடிப்பு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

சில நாள் கழித்து, தியேட்டர் துடைக்கும் ஆயாம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நான் பார்த்தேன் சிஸ்டர். ஓரமா ஒண்ணை உள்ள வச்சாங்க, அது வெளிய வரல. நான் சொன்னா யாரு கேப்பாங்க?” அந்த அறையில் இரண்டு பேருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒருத்தி இரண்டு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். இன்னொருவர் சொல்லவே இல்லை.

மெமோ எனக்கு வந்தது. நான் எண்ணியது சரியாகத்தான் இருந்தது; ஆனாலும் கணக்குத் தவறியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தியேட்டர் பதிவேட்டில் ஒருநாள்கூட மாப் குறைந்ததாக யாரும் எழுதவில்லை. தினமும் பத்துக்குப் பத்து. அதைப் பார்த்து மேலே இருந்தவர்கள் திருப்திப்பட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். குறைந்தால் குறைந்தது என்று எழுதும் தைரியம் எங்கள் யாரிடமும் இல்லாமல் போயிருந்தது.

பிறகு வேறொரு மருத்துவமனைக்கு மாற்றலானேன். அங்கே புதிதாக வந்த சீஃப், அதாவது தலைமை சர்ஜன், ஒரு மேடம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று இடத்தில் எல்லோரும் நின்று சரிபார்க்க வேண்டும். மொத்தம் 19 அம்சங்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்துப் பார்த்ததில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் முடிவு வெளியானது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதே பட்டியலை 101 மருத்துவமனைகளில் கொண்டுவந்தபோது, சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை. 2014இல் அந்த ஆய்வு வந்தது. மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஏன் அப்படி ஆனது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு என் பழைய பதிவேடுதான் ஞாபகம் வந்தது. காகிதத்தை நிரப்பச் சொன்னால் நிரப்பிவிடுவோம். வாயைத் திறக்க வைப்பது வேறு வேலை.

மேடம் செய்த முதல் காரியம், தியேட்டர் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியது. அன்றைக்கு உள்ளே இருக்கும் எல்லோர் பெயரும் அதில் ஏறும். துடைக்க வருபவர் பெயரும். “என் கையிலும் தப்பு வரும். நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரியாது,” என்றார். இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்பதால் நான் உடனே நம்பிவிடவில்லை.

நம்பியது ஒரு தைராய்டு கேஸில். சேர்ந்து இரண்டே மாதமான ஒரு பொண்ணு, ரத்தம் ஒற்றும் காஸ் துணி ஒன்று குறைகிறது என்றாள். மேடம் கையை நிறுத்தினார். பக்கெட்டைக் கொட்டினோம், தரையில் தேடினோம், மேஜைக்கு அடியில் தவழ்ந்தோம். இருபது நிமிடம் போயிற்று. கடைசியில் பார்த்தால், ரத்தத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டை அவள் ஒன்றாக எண்ணியிருக்கிறாள். முகம் வெளிறிப்போனது. மேடம் எல்லோர் முன்னாலும், “நிறுத்தினதுக்கு நன்றிம்மா. நாளைக்கும் இப்படித்தான் நிறுத்தணும்,” என்றார். அடுத்த கேஸ் தாமதமானதற்கு யாருக்கும் மெமோ போகவில்லை. பதிவேட்டில் காரணத்தை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நிறுத்தியவர் சொன்னது சரியாக இருந்தால் பாராட்டுவது எளிது. தவறாக இருந்த அன்றைக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாதத்திலிருந்து எங்கள் பதிவேட்டில் குறைவுகள் வரத் தொடங்கின. அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

எல்லோரும் பேசினால் தலைமை எங்கே என்று கேட்கிறார்கள். ரத்தம் பீறிடும்போது ஒரு குரல்தான் ஒலிக்க வேண்டும்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேடம் அப்போது சத்தம் போட்டும் இருக்கிறார். சத்தமெல்லாம் அடங்கி, கேஸ் முடிந்தபின், “யார் என்ன பார்த்தீங்க?” என்று கேட்பார்.

இந்த வழக்கம் மெல்ல வெளியிலும் பரவியது. வார்டு, மருந்தகம், லேப், ஸ்டோர் ஆட்களை மாதம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். எங்களில் பாதிப் பேருக்கு ஆறரை சைஸ் கையுறை வேண்டும் என்பதை ஸ்டோர் அண்ணன் முதன்முதலாக அங்கேதான் கேட்டார். “இன்டெண்ட்ல சைஸே போடறதில்லையேம்மா,” என்றார். பொருள் கேட்டு ஸ்டோருக்கு நாங்கள் அனுப்பும் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கூடியது.

எங்கள் தியேட்டரில் துடைக்கிற அக்கா பலகையில் பெயர் எழுத ரொம்ப நாள் சம்மதிக்கவில்லை. “ஆயான்னே போடுங்க,” என்பார். மேடம் விடவில்லை. போன வருடம் அக்கா ஓய்வு பெற்றார். கடைசி டூட்டியன்று கேஸ் முடியும் நேரம், நான் எண்ணிப் பத்து என்றேன். மேடம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார்.

“பக்கெட்ல எட்டு, டேபிள்ல ரெண்டு. நானும் எண்ணிட்டேன். மூடுங்க மேடம்.”