கடலூருக்குப் பதினெட்டு பைட்

புதுச்சேரி – கடலூர் சாலையில் வரும் நிறுத்தங்களைக் கட்டணத்தோடு டெர்மினலில் (எழுத்து மட்டும் தெரியும் கட்டளைத் திரையில்) பட்டியலாகக் காட்டும் சின்ன நிரல் ஒன்றை சி மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பொழுதுபோக்குக்குத்தான். பைத்தானில் அரை மணி நேர வேலை. ஆனால் ஸ்டிரிங், அதாவது எழுத்துத் தொடர், நினைவகத்தின் உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க சி மாதிரி வேறு மொழி கிடையாது.

சி மொழிக்கு எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட்களின் (0 முதல் 255 வரையுள்ள எண்களின்) வரிசையும், முடிவில் ஒரு சுழியமும். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். கடலூர் என்பதில் க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறிகள்; நீளத்தைச் சொல்லும் ஸ்ட்ர்லென் 18 என்கிறது. நாம் எண்ணினால் நான்கு எழுத்து. அதைச் சேமிக்க, கடைசிச் சுழியத்தையும் சேர்த்து 19 பைட் வேண்டும்.

முதல் தொல்லை, பட்டியலின் பத்தி (நெடுவரிசை) நேராக வராதது. தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் இரண்டுமே எட்டெழுத்துதான். ஆனால் முன்னது 36 பைட், பின்னது 45. திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் அகலத்தைப் பைட்டில்தான் அளக்கிறது. எழுத்தை எண்ணி இடைவெளி நிரப்பினாலும் முழுசாகச் சரியாகாது, ஏனென்றால் திரையில் ‘ம்’ பிடிக்கும் இடமும் ‘ரி’ பிடிக்கும் இடமும் ஒன்றல்ல. கட்டணத்தை முதல் பத்தியிலும் ஊர்ப்பெயரைக் கடைசியிலும் போட்டேன், பிரச்சினை ஓய்ந்தது.

நீளமான பெயரை இடத்துக்கு ஏற்ப வெட்டுவதில்தான் நிஜமான வேலை. கொடுத்த இடத்தை மீறாமல் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் மூலம் 20 பைட் இடத்தில் புதுச்சேரியை எழுதினால் ‘புதுச்’ வந்து, பின்னால் ஒரு உடைந்த பைட் கேள்விக்குறிக் கட்டமாகத் தொங்கும். 128 முதல் 191 வரையுள்ள பைட் எல்லாம் ஒரு குறியின் நடுப்பகுதி. ஆகவே முழுக்குறி கிடைக்கும்வரை பின்னால் நகர்ந்து வெட்டலாம் என்று பலர் சொல்வார்கள். தமிழுக்கு அது போதாது. கடலூரை 16 பைட்டில் அப்படி வெட்டினால் ‘கடலூர’ என்று நிற்கும். குறி உடையவில்லை, புள்ளி மட்டும் போய்விட்டது.

அதனால் அடுத்த எழுத்து எங்கே முடிகிறது என்று சொல்லும் ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதினேன். ஒரு குறியைத் தாண்டியதும் அடுத்த மூன்று பைட்டைப் பார்க்கும். 224, 174 வந்து மூன்றாவது 190 அல்லது 191 என்றாலோ, 224, 175 வந்து மூன்றாவது 128 முதல் 141 வரை என்றாலோ அது உயிர்க்குறி அல்லது புள்ளி. முன் எழுத்தோடு சேர்த்துக்கொள்ளும். 224, 175-க்குப் பின் 151 வந்தாலும் அப்படியே. எண்ணுவது, வெட்டுவது, திருப்பிப் போடுவது எல்லாம் இதை வைத்தே நடக்கின்றன. க்ஷ மட்டும் இரண்டு எழுத்தாக எண்ணப்படும். என் பட்டியலில் அது இல்லை, விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு பொறி உண்டு. இன்டெல் கணினியில் ஜிசிசி (சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்) ஒரு பைட்டைக் குறிக்கும் வெறும் கேர் வகையை எதிர்ம மதிப்பும் வரக்கூடிய எண்ணாக எடுத்துக்கொள்ளும். 224 அங்கே -32 ஆகிவிடும், ஒப்பீடு ஒருநாளும் பொருந்தாது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் அதே நிரல் சரியாக ஓடும்! எதிர்ம எண் வராத அன்சைன்ட் கேர் என்று தெளிவாகப் போட்டுவிடுவது நல்லது.

பெரிய எழுத்து வகையான வைட் கேர் பயன்படுத்தலாமே என்று தோன்றும். லினக்ஸில் அது நான்கு பைட், விண்டோஸில் இரண்டு. எங்கே ஓடினாலும் புள்ளி தனிக் குறிதான். எனக்கு அதில் லாபம் தெரியவில்லை.

அப்புறம் அகரவரிசை. பட்டியலைப் புதுச்சேரி ஊர்களுக்கும் நீட்டியபோது இரண்டு பெயர்களைப் பைட் பைட்டாக ஒப்பிடும் ஸ்ட்ர்கம்ப் மணவெளியை முன்னாலும் மண்ணாடிப்பட்டை அதற்குப் பின்னாலும் வைத்தது. அகராதியில் ‘ண்’ முதலில், ‘ண’ பிறகு; ஒவ்வொரு குறிக்கும் எண் தரும் யுனிகோடில் புள்ளிக்கு எண் 3021, வகரத்துக்கு 2997. இது போதாதென்று கடைசி மெய்யான னகரம் நகரத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. மெய்யின் வரிசை எண்ணை 13-ஆல் பெருக்கி, புள்ளிக்கு 0, அகரத்துக்கு 1 என்று ஔகாரம் வரை 12 கூட்டி ஒப்பிட்டால் வரிசை ஒழுங்காக வருகிறது.

கோரிமேடு இன்னும் பாக்கி. அதன் ‘கோ’வை ஓகாரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, பைட் 24, 27. கோப்பைப் படிக்கும்போதே இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதாக எண்ணம்.