இடுப்பளவுத் தண்ணீர்

ஏப்ரல் 7
96.4 கிலோ. எடை மிஷின் சரிசமமாக நிற்கவில்லை என்று இடத்தை மாற்றி வைத்து மறுபடி ஏறினேன். 96.6.

ஏப்ரல் 8
முட்டிக்காகத் தண்ணீரில் நடக்கப் போகிறேன். நீச்சல் குளத்தில் பெண்களுக்குக் காலை 10 முதல் 11 வரை. காட்டன் கூடாதாம், நனைந்தால் கனக்கும், நூல் உதிரும். நைலான் லைக்ராதான். என் அளவில் எந்தக் கடையிலும் இல்லை. சரி, முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் தைத்தவள்தானே, நானே தைத்துக்கொள்கிறேன். இடுப்பு 49, சீட் 52. லைக்ரா இழுபடும், அதனால் உடம்பு அளவைவிடக் குறைத்துத்தான் வெட்ட வேண்டும். கத்திரியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கென்று குறைத்து வெட்டியதே கிடையாது. சாதா ஊசியில் தையல் விட்டு விட்டு விழுந்தது. முனை உருண்டையாக இருக்கிற பால் பாயிண்ட் ஊசி மாற்றியதும் சரியானது.

ஏப்ரல் 10
ஏணியில் நாலு படி. இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

பிசியோதெரபி பொண்ணு சொன்னது: இடுப்பளவுத் தண்ணீரில் காலுக்கு வருவது பாதி எடைதான். நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்து வரை போனால் பத்தில் ஒரு பங்கு. நான் இடுப்பளவிலேயே நின்றுவிட்டேன். 96-ல் பாதி 48. கல்யாணத்துக்கு முன்னால் காட்பாடி ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்த்தபோது அட்டையில் விழுந்த எண். அந்த அட்டை பீரோவில் எங்கேயோ இருக்கிறது.

முட்டி சத்தம் போடவில்லை. அரை மணி நடந்தேன். தரையில் அரை மணி நடந்து எத்தனை வருஷம்!

வெளியே வருவதுதான் கொடுமை. ஒவ்வொரு படிக்கும் விட்டுப் போன எடை திரும்பி வந்து ஏறிக்கொள்கிறது. கடைசிப் படியில் முழு 96-ம் என் கையில்.

ஏப்ரல் 11
பசி. ஆறு இட்லி. அப்புறம் இரண்டு.

ஏப்ரல் 14
வருஷப்பிறப்பு, குளம் லீவு. மகள் பாப்பா போன் பண்ணினாள். "நீ மேல வரவே வேணாம்மா, நாங்களே கீழ இறங்கி வரோம்." அவள் சொன்ன விதம் பிடிக்கவில்லை. அவள் வீட்டுக்கு 22 படி. மாடி வீடு பார்க்கும்போதே சொன்னேன். வேப்பம்பூப் பச்சடியை மட்டும் அளவாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 19
குளத்துக்கு வருகிற குடியாத்தம் அம்மாவுக்கு எழுபது இருக்கும். "நடந்துகினே இரு யம்மா, நின்னா குளிரும்" என்கிறார். மெதுவாகப் போனால் தண்ணீர் வழி விடுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நாலு மடங்கு தடுக்குமாம். அந்தத் தடுப்புதான் பயிற்சி, வேறு பளு எதுவும் தேவையில்லை என்கிறாள் பிசியோ பொண்ணு. பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. குடியாத்தம் அம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை.

தண்ணீருக்குள்ளேயும் வேர்க்கும், தெரியாது. பாட்டில் கொண்டுபோக மறக்கக் கூடாது.

ஏப்ரல் 26
96.1.

இதற்காகவா? தினமும் ஷேர் ஆட்டோவுக்கே எவ்வளவு ஆகிறது. ரவிக்கை ஆர்டர் ஒன்பது அப்படியே கிடக்கிறது. ராத்திரி அழுதேன், தொலைக்காட்சி சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

ஏப்ரல் 27
கொலுசு சுழல்கிறது. நாள் முழுக்க தையல் மிஷினில் உட்கார்ந்து வீங்கிய கால், சாயங்காலமானால் கொலுசு பதிந்து வரி விழும். இப்போது விரல் நுழைகிறது. சுற்றிலும் தண்ணீர் அழுத்துவதால் காலில் தேங்கிய நீர் மேலே ஏறிவிடும் என்றாள் பிசியோ பொண்ணு. அதனால்தான் குளத்திலிருந்து வந்ததும் பாத்ரூமுக்கு ஓட்டம் போல. கொழுப்பு குறைந்தது வேறு, வீக்கம் வடிந்தது வேறு என்றும் சொல்லிவிட்டாள். சந்தோஷப்பட விடமாட்டாள்.

மே 4
கத்திரி வெயில் ஆரம்பம். வெளியே தார் இளகுகிறது. பத்தரைக்குக் குளத்தில் கழுத்து வரை நின்று வானத்தைப் பார்த்தேன். ஒன்பதரை கிலோ மனுஷி.

மே 9
டிரஸ் தொளதொள. குதித்தேன். (குதித்தேன் என்றால் மனதுக்குள்.) அப்புறம் ஞாபகம் வந்தது: குளோரின் பட்டால் லைக்ரா இழுவை போய்விடும். தொளதொளத்தது நானா துணியா? டேப்பை எடுத்தேன். மூச்சை இழுக்காமல், ஏமாற்றாமல். இடுப்பு 48. மறுபடி. 48.

எடை 95.2. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பளுவில் நாலு கிலோ குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜூனில் அவர் என்ன சொல்வாரோ.

மே 12
டேங்கர் வரவில்லை, குளம் மூடல். எத்தனை நாள் என்று வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. பாலாற்று ஊரில் கேட்கிற கேள்வியா?

மே 13
வீட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கால் தூக்கினேன். முட்டி சத்தம் போட்டது.

மே 15
யாரிடமும் சொல்லாமல் காட்பாடி பஸ் ஏறினேன். பையில் இன்ச் டேப்பும் பாப்பாவுக்கு முறுக்கும். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. பதினாலாவது படியில் உட்கார்ந்து இதை போனில் அடிக்கிறேன். மேலே மிக்ஸி ஓடுகிற சத்தம். தேங்காய் வாசனை. இன்னும் எட்டு