அப்பாவோட கறுப்பு வீராவுக்கு பாலிஷ் போட்ட கதை

நாலு வாரமா சனி ஞாயிறு எல்லாம் அப்பாவோட புரோட்டான் வீரா காடிலதான் (கார்லதான்) போச்சு, போன ஞாயித்துக்கிழமைதான் கடைசி கதவு முடிஞ்சுது. 2004 மாடல், கறுப்பு. நாங்க இருக்கிறது மலேசியா, சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயா, ஆனா எங்க வாயில இன்னும் பழைய பேரு பத்தாங் பெர்ஜுந்தைதான். வீட்டு முன்னால எஸ்டேட் ரோடு, செம்பனை லோரி ஒண்ணு போனா போதும், செம்மண் தூசி அப்படியே பானட்ல வந்து படியும். அப்பா தினம் காலைல பழைய பனியன் துணிய எடுத்து, தண்ணி இல்லாம தொடச்சு விடுவாரு, அவ்ளோ ஆசை அந்தக் காடி மேல. அந்தத் தூசிதான் துணிக்கு அடியில மணல் தாளா தேய்ச்சிருக்கு.

போர்ச்சுல நிறுத்தி போன் டார்ச் அடிச்சா சிலந்தி வலை மாதிரி கோடு. கோடெல்லாம் நாலா பக்கமும்தான் ஓடுது, ஆனா வெளிச்சத்த நம்ம கண்ணுக்குத் திருப்புற கோடு மட்டும் தெரியறதால வட்டமா தெரியும், டார்ச்ச நகத்துனா வலையும் கூடவே நகரும். இது கலர்ல இல்ல, அதுக்கு மேல நிறமில்லாம அடிச்சிருக்கிற க்ளியர் கோட்ங்கிற பூச்சுல. அது பொதுவா 40, 50 மைக்ரான்தான், தலைமுடி தடிமன் கூட வராது, பாலிஷ் போடும்போது அதுலதான் கொஞ்சம் சீவி எடுக்கிறோம். அதனால லேசானதுல ஆரம்பிச்சு தேவைன்னாதான் மேல போகணும்னு முடிவு பண்ணேன்.

கழுவிட்டு கைய பிளாஸ்டிக் பைக்குள்ள விட்டு தடவிப் பாருங்க, வெறுங்கைக்கு வழவழன்னு இருந்த இடம் பைக்குள்ள சொரசொரன்னு படும். சோப்புத் தண்ணி தெளிச்சு, ஒட்டியிருக்கிற அழுக்க இழுத்து எடுக்கிற க்ளே (களிமண் மாதிரி கட்டி) போட்டு தேய்ச்சேன், பானட் முடியறதுக்குள்ள க்ளே பழுப்பாயிடுச்சு. நடுவுல ஒரு துண்டு கை நழுவி சிமெண்ட்ல விழுந்துச்சு, உடனே தூக்கிப் போட்டுட்டேன், ஒரு மண் ஒட்டியிருந்தா போதும், புதுசா கோடு விழும்.

பானட்ல ரெண்டடிக்கு ரெண்டடி டேப் ஒட்டி டெஸ்ட். மெஷின்ல மாட்டுற சாஃப்ட் பேட், ஃபைன் பாலிஷ், பாதிக் கோடு அப்படியே நின்னுச்சு. அதே பாலிஷ வச்சு பேட மட்டும் மீடியத்துக்கு மாத்தினதும் போயிடுச்சு. மெஷின் டூயல் ஆக்‌ஷன், அதாவது பேட் சுத்திக்கிட்டே ஆடவும் செய்யும், சுத்த மட்டும் செய்யற ரோட்டரி ஒரே இடத்துல சூடேத்தி க்ளியர் கோட்ட எரிச்சிடும்னு பயம். பாலிஷ் நாலு பொட்டு, மெஷின மெதுவா குறுக்கும் நெடுக்கும் ஓட்டணும். முதல் நாள் பதினோரு மணிக்கு கூரைல ஆரம்பிச்சு பாலிஷ் மாவா காஞ்சு போச்சு, அப்புறம் எல்லாம் காலைல ஏழு மணிக்கே. கதவு மோல்டிங்ல டேப் ஒட்டாம விட்டதுல வெள்ளையா பிடிச்சு, டூத் பிரஷ் வச்சு ஒரு மணி நேரம் தேய்ச்சேன்.

ஒவ்வொரு பக்கமும் முடிஞ்சதும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல தண்ணி கலந்து தொடச்சிடுங்க, இல்லன்னா பாலிஷ் எண்ணெய் கோட்டுக்குள்ள நிரம்பி, கோடு போயிட்ட மாதிரி காட்டும். பூட் கிட்ட நகம் மாட்டுற கீறல் ஒண்ணு இருக்கு, அத தொடல, அவ்ளோ ஆழத்துக்கு தேய்ச்சா க்ளியர் கோட்டே மிஞ்சாது.

கடைசியா மேல பாதுகாப்புக்கு சீலண்ட் பூச்சு போட்டு ராத்திரி போர்ச்லயே விட்டேன். மறுநாள் சாயங்கால மழைல தண்ணி முத்து முத்தா உருண்டுச்சு, அப்பா குடையோட நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு. ஆனா சீலண்ட் இருந்தாலும் காஞ்ச தூசிய தொடச்சா கோடு விழத்தான் செய்யும், அத அப்பாகிட்ட சொன்னப்ப "அப்போ தினம் எப்படிய்யா தொடைக்கிறது?"ன்னாரு. ரெண்டு வாளி வச்சு, ஒண்ணுல சோப்பு, ஒண்ணுல துணி அலச, செஞ்சு காட்டினேன். இன்னிக்கு காலைல ரப்பர் பைப்ல தண்ணி அடிச்சு தூசிய எறக்கிட்டுதான் மைக்ரோஃபைபர கையில எடுத்தாரு. பனியன் துணி இப்ப ரிம்முக்கு.