குரூப் ஃபோரும் கொழுந்து விலையும்

எங்கள் நீலகிரிக் கல்லூரியில் வருடத்துக்கு ஒரு முறையாவது கீழே சமவெளியிலிருந்து ஒருவர் வந்து, "வேலை தேடுகிறவர்களாக இருக்காதீர்கள், வேலை கொடுக்கிறவர்களாக மாறுங்கள்" என்று பேசிவிட்டுப் போவார். கோட்டு, ஸ்லைடு, நடுவில் ஒரு ஜோக், கடைசியில் குரூப் போட்டோ. பிள்ளைகளும் நன்றாகவே கை தட்டுவார்கள். மறுநாள் நூலகத்தில் பார்த்தால் அரசு வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வு வழிகாட்டிக்குத்தான் அடிதடி. "மலைப் பிள்ளைங்க, பயந்த சுபாவம்" என்று வந்தவரிடம் யாராவது சமாதானம் சொல்லி அனுப்புவார்கள்.

யானை நடமாடும் பாதையில் ஆறரை மணி பஸ்ஸுக்கு இருட்டில் நடந்து வருகிற பிள்ளைகளைப் பயந்தவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்குக் கணக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நான் நீலகிரியில் வணிகவியல் கௌரவ விரிவுரையாளர். பி.காம் வகுப்புக்குத் தொழில்முனைவோர் மேம்பாடு என்று ஒரு தாள் எடுக்கிறேன். தொகுப்பூதியத்தில் இருந்துகொண்டு, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) அறிவிப்பு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு, சொந்தத் தொழில் தொடங்கும் துணிச்சலைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். இதிலுள்ள வேடிக்கை எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை.

பாடத்தில் மெக்லெலண்ட் வருவார். அமெரிக்க உளவியலாளர். 1960களில் ஆந்திராவின் காக்கிநாடாவில் சிறு தொழில் செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சாதிக்க வேண்டும் என்ற உந்துதலைப் பயிற்சியாலேயே வளர்க்க முடியும் என்று சொன்னவர். போன வருடம் இதை நடத்திக்கொண்டிருந்தபோது கோத்தகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மேம், அந்தக் காக்கிநாடாக்காரங்க வித்த பொருளுக்கு யார் விலை வெச்சாங்க?"

சிலபஸில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஆனால் அவள் வீட்டில் அது ஒன்றுதான் கேள்வி. ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகத் தேயிலை வைத்திருக்கிறார்கள். பறித்த இலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். சாக்கிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அதனால் விலை ஏறட்டும் என்று வைத்திருக்க முடியாது. தூள் குன்னூரில் ஏலம் போகும். ஏல சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதா மாதம் பசுந்தேயிலைக்கு விலை அறிவிக்கும். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ இலை. உரம், மருந்து, பறிகூலி, வண்டி வாடகை எல்லாம் அப்பா கையிலிருந்து முன்னாலேயே போய்விடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்தே இல்லை. சோவியத் யூனியன் இருந்தவரை நீலகிரித் தூளுக்கு அங்கே பெரிய சந்தை இருந்தது. அது போனபின், 90களின் கடைசியில் விலை விழுந்த கதையைச் சொல்லாத தாத்தா இந்தப் பக்கம் இல்லை.

முதல் போட்டு, ஆள் வைத்து, வானத்தைப் பார்த்து, கடன் வாங்கி ஒரு பொருளை விளைவித்து, அதன் விலையை மட்டும் இன்னொருவர் சொல்லக் கேட்டுக்கொள்கிற தொழில்முனைவோரின் வீட்டிலிருந்துதான் இவர்கள் வருகிறார்கள். இவர்களிடம் போய் "ரிஸ்க் எடுங்கள்" என்றால் என்ன நினைப்பார்கள்? குரூப் ஃபோரைப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தகுதி, ஒரே எழுத்துத் தேர்வு, 200 கேள்வி, 300 மதிப்பெண், நேர்முகம் கிடையாது. லட்சக்கணக்கில் போட்டிதான். ஆனால் விதிகள் முழுக்க முன்கூட்டியே தெரிந்த வேறொரு வாய்ப்பு அவர்கள் கண்ணில் படவில்லை.

அரசு வேலை என்றால் ஆயுசுக்கும் உறுதி என்பதும் இந்த மலையில் முழு உண்மை இல்லை. 1960-ல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மத்திய அரசு நிறுவனம்தான். நலிந்து நலிந்து கடைசியில் மூடியே விட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். இருந்தும், தாத்தா அந்தச் சம்பளத்தில் கட்டிய வீடு நிற்கிறது, அத்தைக்கு அந்தச் சம்பளத்தில்தான் கல்யாணம் ஆனது. வீட்டில் பேச்சு வந்தால் அதைத்தான் சொல்வார்கள்.

சரி, யாருமே வியாபாரம் செய்யவில்லையா என்றால், செய்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு பையன். அம்மாவும் சித்தியும் வீட்டில் சாக்லேட் செய்ய, இவன் இன்ஸ்டாகிராமில் ஆர்டர் பிடிக்கிறான். கடையில் வாங்கும் காம்பவுண்ட் சாக்லேட் கட்டியை உருக்கி, பாதாமோ உலர் திராட்சையோ சேர்த்து அச்சில் ஊற்றுகிற வேலை. 2024-ல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது இவன் வாங்கும் கட்டியின் விலையும் ஏறியது. பிளாஸ்டிக் தடை இருப்பதால் கவர் விஷயத்திலும் கவனமாக இருக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் கெட்டியாக இருக்கும் சாக்லேட் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் இளக ஆரம்பித்துவிடும். சீசனை நம்பலாம் என்றால், மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ், 2025 சீசனில் வார நாளில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று உச்சவரம்பு. (அது தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். மே மாதம் ஊட்டி சேரிங் கிராஸில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டு நின்றவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.)

இத்தனைக்கும் நடுவில் லாபம் வருகிறது என்றான். நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். கட்டி, பருப்பு, அட்டைப்பெட்டி, கூரியர், கேஸ் எல்லாம் அழகாக எழுதியிருந்தான்.

"அம்மா, சித்தி கூலி எங்கப்பா?"

"அவங்களுக்கு எதுக்கு மேம் கூலி?"

தோட்டத்தில் பறிகூலி என்ன கொடுக்கிறார்கள் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அதே கூலியைப் போட்டு எழுதச் சொன்னேன். சீசன் மாதங்கள் தவிர மற்ற மாதங்களில் லாபம் காணாமல் போனது. இந்த மலையில் நடக்கிற முக்கால்வாசி 'குடும்பத் தொழில்' இப்படித்தான் லாபம் காட்டுகிறது என்று நினைக்கிறேன். வீட்டுப் பெண்களின் உழைப்பு எந்த நோட்டிலும் ஏறாது. பையன் மனம் உடையவில்லை. கால் கிலோ பெட்டியின் விலையை ஏற்றிவிட்டு, வெளியூருக்கு அனுப்புவதை வெயில் மாதங்களில் நிறுத்திவிட்டான். விலையைத் தானே வைக்கிற இடத்தில் இருப்பதால் அவனால் முடிந்தது. குரூப் ஃபோரும் எழுதுகிறான்.

கடன் கதை வேறு. சிறு தொழில் தொடங்க வங்கிக் கடனோடு மானியமும் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008-ல் தொடங்கியது. மலைப்பகுதி என்பதால் இங்குள்ளவர்கள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள்: கைமுதல் 5 சதவீதம், கிராமப்புறமாக இருந்தால் மானியம் 35 சதவீதம். பத்து லட்ச ரூபாய்த் திட்டம் என்றால் கையிலிருந்து ஐம்பதாயிரம், மானியம் மூன்றரை லட்சம். மானியம் கையில் வராது; மூன்று வருடம் வங்கியில் வைப்பாகக் கிடந்து பிறகு கடனில் கழியும். இதை ஸ்லைடு போட்டவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பத்து லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பதும் விதி.

கூடலூர்ப் பெண் ஒருத்தி பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட்டுக்காக இதில் விண்ணப்பிக்க நினைத்தாள். முதலில் போன வங்கிக் கிளையில் கேட்டது பட்டா. அவர்கள் இருப்பது செக்‌ஷன் 17 நிலம். 1969 ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய இடங்களில் தலைமுறைகளாக இருப்பவர்களுக்கும் பட்டா கிடையாது. பல வீடுகளில் கரண்ட் இணைப்பே போராட்டம். "எங்க வீட்டுக்கே பேப்பர் இல்ல மேம், மெஷினுக்கு எப்படித் தருவாங்க?" என்றாள். இவளுக்கு எந்த உந்துதல் பயிற்சி வேண்டும்?

கோத்தகிரியில் 2013 முதல் நடக்கும் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பற்றி ஒரு நாள் வகுப்பில் சொன்னேன். தேன் எடுப்பவர்களும் விவசாயம் செய்பவர்களுமான பழங்குடி மக்களே அதில் பங்குதாரர்கள். அன்றைக்கு வந்த கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. லாபத்தை எப்படிப் பிரிக்கிறார்கள், கணக்கு யார் எழுதுகிறார்கள், பத்து வீடு சேர்ந்தால் நம் இலையை நாமே சின்னதாகப் பதப்படுத்தி விற்க முடியுமா. மணி அடித்தும் மூன்று பேர் போகவில்லை. மெக்லெலண்டுக்கு இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

இந்த செமஸ்டரில் பெரிய தொழிலதிபர் வாழ்க்கை வரலாறு என்கிற வழக்கமான அசைன்மென்ட்டை எடுத்துவிட்டு, வீட்டுத் தொழிலின் ஒரு மாதக் கணக்கை எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டார் கூலியோடு. கூடலூர்ப் பெண் தன் பெரியம்மா டவுனில் வாடகைக்கு எடுத்திருக்கும் கடையின் ஒப்பந்தத்தை வைத்து மாவட்டத் தொழில் மையம் வழியாக மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். அடுத்த வாரம் வங்கிக்குப் போகும்போது நானும் கூடப் போகிறேன். அடமானம் பற்றிய விதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரின்ட் எடுத்து வைத்தாயிற்று.