கழுவலில் தொலையும் பிணைப்புகள்

இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று பிணைகின்றனவா என்பதைக் கலத்துக்கு வெளியே சோதிப்பதற்கு, யாழ்ப்பாணத்தில் உயிர் இரசாயனம் பயிலும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது "புல் டவுன்" முறையைத்தான். ஒரு புரதத்தைச் சிறு மணிகளில் பற்றவைத்து, மற்றைய புரதம் உள்ள கரைசலை அதனுடன் கலந்து, பலமுறை கழுவிய பின்னர் மணிகளில் எஞ்சியிருப்பதை, புரதங்களைப் பருமன்வாரியாகப் பிரித்துப் பட்டிகளாகக் காட்டும் ஜெல்லில் ஓடவிட்டுப் பார்க்கிறோம். சிஸ்ற்றோசோமா என்னும் குருதிப் புழுவின் ஜீஎஸ்ரீ நொதியத்துடன் வேறு புரதங்களை இணைத்து, அந்நொதியம் பற்றும் குளுற்றாதயோன் என்னும் சிறு மூலக்கூறு பூசிய மணிகளால் பிரித்தெடுக்கலாம் என்பதை ஸ்மித்தும் ஜோன்சனும் 1988 இல் காட்டிய பின்னர் இந்த முறை உலகெங்கும் பரவியது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பதால் எங்கள் ஆய்வுகூடங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

ஆயினும், ஜெல்லில் பட்டி தெரியவில்லை, ஆகவே பிணைப்பு இல்லை என்று முடிவெழுதும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிகை வீத மாறிலி (பிணைப்பு எவ்வளவு விரைவாகப் பிரிகிறது என்பதன் அளவு) செக்கனுக்கு 1 ஆக உள்ள ஒரு சோடியின் அரைவாழ்வு, அதாவது பாதிப் பிணைப்புகள் பிரிய எடுக்கும் நேரம், ஏறத்தாழ 0.7 செக்கன்; கழுவலோ பல நிமிடங்கள் நீடிக்கிறது. கழுவும் கரைசலில் மற்றைய புரதம் இல்லாததால், பிரிந்தது மீண்டும் வந்து பிணையவும் வழியில்லை. பார்னேஸ் என்னும் பற்றீரிய நொதியம், அதைத் தடுக்கும் பார்ஸ்ரார் புரதம் போன்ற மிக இறுக்கமான சோடியை மணிக்கணக்கில் கழுவினாலும் அதன் பெரும்பகுதி பிரியாது. ஆக, புல் டவுன் நமக்குச் சொல்வது பிணைப்பு உண்டா என்பதை விட, கழுவும் நேரத்தைத் தாண்டி அது நிலைக்கிறதா என்பதையே.

வலுக்குறைந்த பிணைப்பு என்பதற்காக அதன் உயிரியல் முக்கியத்துவம் குறைந்துவிடாது. கலங்களின் மேற்பரப்புப் புரதங்கள் பலவும் தனித்தனியே தளர்வாகவே பிணைகின்றன. ஒரே மேற்பரப்பில் அவை பல இருப்பதால்தான் கலங்கள் ஒட்டவும், வேண்டியபோது விலகவும் முடிகிறது. இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் கவின் ரைற்றின் குழுவினர் இதையே தங்கள் முறைக்கு அடிப்படையாக்கினர். சோதிக்கப்படும் புரதத்தின் ஐந்து பிரதிகளை ஒரே தொகுதியாகச் சேர்த்தபோது, 0.1 செக்கன் அரைவாழ்வுள்ள பிணைப்புகளும் கழுவலுக்குத் தப்பின. மலேரியா ஒட்டுண்ணியான பல்சிப்பாரத்தின் ஆர்எச்5 புரதம் செங்குருதிக்கலத்தின் பசிஜின் என்னும் வாங்கியைப் பற்றுகிறது என்பது 2011 இல் வெளிப்பட்டது இவ்வழியில்தான். இன்று ஆர்எச்5 ஒரு தடுப்பூசி இலக்கு. போர்க்காலத்தில் மலேரியாவோடு வாழ்ந்த வடக்கில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் உணர்வு தனியானது. இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் 2016 இல்தான் கிடைத்தது.

பிணைப்பின் வேகத்தையே அளக்க வேண்டுமெனில், மெல்லிய பொற்படலத்தில் ஒரு புரதத்தை நிறுத்தி, மற்றையதை அதன்மேல் ஓடவிடும் மேற்பரப்பு பிளாஸ்மன் ஒத்ததிர்வு முறை உதவும். பிணைவதும் பிரிவதும் நடக்கும்போதே பதிவாகும். ஆனால் ஜீஎஸ்ரீ இரட்டையாகச் சேரும் இயல்புடையது; ஓடவிடப்படும் புரதத்தில் அது இணைந்திருந்தால், இரு கைகளாலும் பற்றுவதுபோல் பிணைப்பு உண்மையை விட இறுக்கமாகத் தெரியும். பிணையும்போது ஏற்படும் வெப்பமாற்றத்தை அளக்கும் முறையில் இச்சிக்கல் குறைவு, எதையும் மேற்பரப்பில் ஒட்டவேண்டியதில்லை. அதற்குப் புரதம்தான் நிறைய வேண்டும்.

கருவிகள் கைக்கெட்டாத இடத்திலும் செய்யக்கூடியவை உள்ளன: ஜீஎஸ்ரீ மட்டும் கொண்ட மணிகளை ஒப்பீட்டுக்கு வைப்பது, கழுவும் தடவைகளையும் நேரத்தையும் உப்புச் செறிவையும் அறிக்கையில் எழுதுவது, பட்டி தெரியாதபோது "இந்த நிபந்தனைகளில் கண்டறியப்படவில்லை" என்று குறிப்பிடுவது.