குஸ்கோவில் ஸ்டேஷன் உண்டு, ரயில் இல்லை

"ரயில்ல போறோம்னுலா சொன்ன?"

வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள். குஸ்கோ நகரத்துக்குள் ஸ்டேஷன் இருக்கிறது, பிளாட்பாரம் இருக்கிறது, சீருடை போட்ட ஆட்களும் இருக்கிறார்கள். ரயில் மட்டும் இரண்டு மணி நேரப் பஸ் பயணத்துக்கு அப்பால் இன்னோர் ஊரில் நிற்கும்.

2025 பிப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரு நாட்டு மலைமேல் இன்கா மக்கள் கட்டிய பழைய கல் ஊரான மச்சு பிச்சுவுக்குப் போய்வந்தேன். அங்கே அது மழைக்காலம். ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை, மழையில் மண் சரியும் என்பதால் குஸ்கோவிலிருந்து ஒய்யந்தாய்தம்போ வரை ரயிலுக்குப் பதில் பஸ் விடுகிறார்கள். அங்கிருந்து ரயில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அதற்கு 'பிமோடால்' என்று பெயர். அம்மா வாயில் அந்த ஊர் முதல் நாளே 'ஒய்யாரத் தம்பி' ஆகிவிட்டது. நானும் இனி அப்படியே எழுதிவிடலாம் போலிருக்கிறது.

பயணத்தைவிட டிக்கெட் எடுத்ததுதான் பெரிய கதை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மச்சு பிச்சுவுக்கு ரோடு கிடையாது. மலையடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியெந்தெஸுக்கு ரயிலில் போய் இறங்க வேண்டும். அங்கிருந்து மேலே போக இன்னொரு பஸ். ஆகவே நுழைவுச் சீட்டு, ரயில், மலைப் பஸ் என்று மூன்று தனித்தனி டிக்கெட்டுகள். நான் ரயிலை முதலில் போட்டேன். நம் ஊர்ப் பழக்கம், ரயில் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. இங்கே அது தலைகீழ். நுழைவுச் சீட்டில் தேதி மட்டுமல்ல, எந்த மணிக்கு, எந்தப் பாதையில் என்பது வரை அச்சாகி வருகிறது. எடுத்த பிறகு மாற்ற முடியாது. 2024 ஜூனிலிருந்து உள்ளே மூன்று சுற்றுப் பாதைகள், அவற்றுக்குள் பத்து வழிகள் என்று பிரித்துவிட்டார்கள். ஒன்றில் நுழைந்தவர் இன்னொன்றுக்குத் தாவ முடியாது, வெளியே வந்தால் மறுபடி உள்ளே போகவும் முடியாது. முதல் பாதை மேலிருந்து பார்ப்பதற்கு. இரண்டாவது, காலண்டரில் வருகிற அந்தக் காட்சியையும் காட்டி, ஊருக்குள்ளும் நடத்திக் கூட்டிப்போகும். படிகள் ஏராளம். மூன்றாவது, கீழ்ப்பகுதி.

நான் ரயில் போட்டிருந்த நாளில் காலை நேரத்துக்கு மூன்றாவது பாதை மட்டுமே மிச்சம். ரயிலை மாற்றலாம், அதற்குக் கட்டணம் உண்டு. அகுவாஸில் தினமும் 1,000 சீட்டுகள் மறுநாளைக்கென்று நேரில் கொடுக்கிறார்கள், அந்த வரிசையில் நிற்கலாம். கிடைத்தால் கிடைத்தது. அறுபத்து நாலு வயது முழங்காலை அந்தச் சூதாட்டத்துக்கு இழுத்துப்போக மனம் வரவில்லை. மூன்றாவது பாதையையே எடுத்தேன். அந்தக் காலண்டர் படம் கிடைக்காதே என்ற வருத்தம் எனக்கு ஒரு வாரம் இருந்தது. நான் செய்ததைச் செய்யாதீர்கள்: நுழைவுச் சீட்டு கைக்கு வந்த பிறகு ரயிலைப் பாருங்கள். மலைப் பஸ்ஸுக்கு அவசரமில்லை, முந்தின நாள்கூட எடுக்கலாம்.

அடுத்தது பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. நம்மில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அமெரிக்க விசாவில் அவள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று விழுந்துவிட்டது, 'முதற்பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். ஐம்பது வருஷமாக ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் இவர்களுக்குத் தெரியவில்லையாம். பெருவின் படிவங்களோ 'அபெயிதோ' என்று குடும்பப் பெயர் கேட்கும், காலியாக விட்டால் நகராது. அந்த ஊர்க்காரர்களுக்கு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள் வழக்கம், ஒன்றுமே இல்லாத ஆளை அவர்கள் படிவம் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டத்திலும் அம்மாவின் பெயரையே போட்டேன். எல்லா டிக்கெட்டிலும் அவள் பெயர் இரண்டு முறை. எங்கேயும் தடுக்கவில்லை. எல்லோரும் பார்த்தது பாஸ்போர்ட் எண்ணைத்தான், ஆகவே அதில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில் வேண்டும்.

பெருவுக்குத் தனி விசா எடுக்கவில்லை. ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும். அம்மாவுக்கு அது இருந்தது, எனக்குக் கிரீன் கார்டு.

குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். தொட்டபெட்டா 2,637 தான். தலைநகர் லிமாவில் கடல் மட்டத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்த உயரத்தில் இறக்கிவிடுகிறார்கள். அம்மாவுக்கு முதல் நாள் இரவு தலைவலி, தூக்கமில்லை. ஹோட்டலில் கோக்கா இலை போட்ட வெந்நீர் கொடுத்தார்கள். "வேப்பிலைக் கஷாயத்துக்கு இது தேவல" என்று குடித்துவிட்டுப் படுத்தாள். டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையும் போட்டாள், எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. மச்சு பிச்சு 2,430 மீட்டர். மலையேறப் போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் உண்மையில் ஆயிரம் மீட்டர் இறங்கித்தான் போகிறார்கள். மறுபடி போனால் குஸ்கோவில் தங்கவே மாட்டேன். விமான நிலையத்திலிருந்து நேராக வண்டி பிடித்து ஒய்யாரத் தம்பியில் போய்ப் படுத்துவிடுவேன். அது 2,800 மீட்டர்தான், ரயிலும் அங்கிருந்தே கிளம்புகிறது.

ரயிலில் ஆளுக்கு ஒரு சிறிய பைதான், எங்கள் டிக்கெட்டில் 8 கிலோ என்று போட்டிருந்தது. பெரிய பெட்டிகளைக் குஸ்கோ ஹோட்டலிலேயே விட்டோம். அம்மாவின் பையில் ஒரு கிலோவுக்குமேல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். எடுத்துவை என்றேன். "சுவெட்டர எடுத்து வச்சிட்டேன், போதும்லா" என்றாள்.

பஸ் குஸ்கோவைவிட்டு மேலே ஏறி, சின்செரோ மேட்டு நிலத்தைத் தாண்டி, ஊருபம்பா பள்ளத்தாக்கில் இறங்குகிறது. வழியெல்லாம் செம்மண், உருளைக்கிழங்கு வயல், தூரத்தில் பனி மூடிய சிகரங்கள். உருளைக்கிழங்கு இந்த மலைகளிலிருந்துதான் உலகத்துக்குப் போனது என்று சொன்னேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அந்த வயல்களைக் கொஞ்சநேரம் மரியாதையாகப் பார்த்தாள்.

ஒய்யாரத் தம்பியில் பஸ் இறங்கி ரயில் ஏற நாற்பது நிமிஷம் இருந்தது. ஸ்டேஷன் வழியில் ஒரு அம்மாள் வேகவைத்த மக்காச்சோளமும் ஒரு துண்டு பாலாடைக் கட்டியும் விற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மணியும் என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிது. எங்கள் கரிசல் காட்டில் இன்றைக்குப் பாதி நிலம் மக்காச்சோளம்தான், அம்மாவுக்கு அது புதிதில்லை. ஒரு மணியைப் பிய்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னட்டி, மாட்டுப் பல்லு மாதிரி இருக்கு. வெத கெடைக்குமான்னு கேளு." எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் அவ்வளவு தூரம் போகாது. சைகையில் கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மாள் இன்னொரு கதிரை எடுத்து நீட்டினார், அதற்கும் காசு கொடுத்தோம்.

ரயில் 914 மில்லிமீட்டர் குறும்பாதையில் ஓடுகிறது, நம் ஊட்டி ரயில் பாதையைவிடக் குறுகல். நாற்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டரை ஐந்து மணி நேரம் உட்கார்ந்து போனவளுக்கு இது எக்ஸ்பிரஸ். போகும்போது இடது பக்கம் இடம் கிடைத்தால் நல்லது, ஆறு கூடவே வரும். பிப்ரவரியில் அது காபி நிறத்தில் பாறைகளைப் புரட்டிக்கொண்டு ஓடியது, ரயில் சத்தத்தை மீறிக் கேட்டது. 82-ஆவது கிலோமீட்டர் கல் அருகே இன்கா நடைபாதை தொடங்குகிறது. பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுக்க அதை மூடிவிடுவதால் அங்கே ஆளில்லை. அதைத் தாண்டியதும் காய்ந்த மலை மாறுகிறது. கள்ளிகள் போய்ப் பாசி வருகிறது, பெரணி வருகிறது, மேகம் ஜன்னலை ஒட்டி வருகிறது.

செலவைக் குறைக்க வேறு வழியும் உண்டு. குஸ்கோவிலிருந்து வேனில் ஆறேழு மணி நேரம் சுற்றி, 4,300 மீட்டர் கணவாய் ஒன்றைக் கடந்து, ஹித்ரோஎலெக்த்ரிகா என்ற நீர்மின் நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்தோரமாக இரண்டரை மூன்று மணி நேரம் நடந்தால் அகுவாஸ் வந்துவிடும். இளவட்டங்கள் அப்படித்தான் போகிறார்கள். மழைக்காலத்தில் அந்த ரோட்டில் அம்மாவை ஏற்ற எனக்குத் துணிவில்லை. எங்கள் மொத்தச் செலவில் பெரியது ரயில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுழைவுச் சீட்டு அப்போது வெளிநாட்டவருக்கு 152 சோல் (பெரு நாட்டுப் பணம்), மலைப் பஸ் ஒரு வழிக்கு 12 டாலர்.

அகுவாஸ் காலியெந்தெஸ் என்றால் வெந்நீர் என்று அர்த்தம், ஊற்று இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து வெளியே வர ஒரே வழி கம்பளிக் கடைச் சந்து. யார் போட்ட திட்டமோ. அம்மா இருபது நிமிஷம் அதற்குள் காணாமல் போனாள்.

மறுநாள் எங்கள் நுழைவு நேரம் எட்டு மணி. ஆறே முக்காலுக்கே மலைப் பஸ் வரிசையில் நின்றோம், ஏழரைக்கு ஏறினோம். வெளியிலிருந்து ரோடே இல்லாத ஊர் என்பதால் அந்தப் பஸ்களையும் ரயிலில் ஏற்றித்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். பதின்மூன்று கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் எழுபதைப் பார்த்தவர்களுக்கு எண்ணிக்கை பெரிதில்லை, ஆனால் ஓரத்தில் தடுப்புச் சுவர் இல்லாத இடங்களில் அம்மா முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த ரோட்டுக்கு ஹிராம் பிங்கம் என்ற அமெரிக்க ஆய்வாளரின் பெயர். 1911 ஜூலை 24 அன்று மச்சு பிச்சுவை இவர்தான் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுகிறார்கள். அவரை மேலே கூட்டிப்போனவர் உள்ளூர் விவசாயி, மேலே போனால் அங்கேயும் குடும்பங்கள் விவசாயம் செய்துகொண்டிருந்தன.

கேட்டுக்கு வெளியே 2 சோல் கொடுத்துக் கழிப்பறைக்குப் போய்விட வேண்டும், உள்ளே கிடையாது. குடைக்கும் அனுமதி இல்லை, மழைக்கோட்டு மட்டும். ஊன்றுகோல் அடியில் ரப்பர் இருந்தால் முதியவர்களுக்கு விடுகிறார்கள். அம்மாவின் கோலுக்கு ரப்பர் மூடியை முந்தின இரவுதான் அந்தக் கம்பளிச் சந்தில் வாங்கினோம்.

முதல் அரைமணி நேரம் மேகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. எங்கள் பாதையில் சூரியக் கோயில், அடுத்தடுத்து இறங்கும் பதினாறு நீரூற்றுகள், பிறகு காண்டோர் கோயில். தூறலில் நடந்தது ஒரு வகையில் நல்லதாயிற்று, தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. சுவர்களில் வடிகால் துளைகள் நூற்றுக்கும் மேல். படிக்கட்டு வயல்களுக்கு அடியில் கல், சரளை, மணல் என்று அடுக்கி மேலே மண் போட்டிருக்கிறார்கள். ஐந்தரை நூற்றாண்டு மழைக்குப் பிறகும் காலடியில் சேறு இல்லை. என் டல்லாஸ் அபார்ட்மென்ட் வாசலில் ஒரு மழைக்கே குளம் கட்டும்.

அம்மா கழுகுமலையில் பிறந்தவள். வெட்டுவான் கோயில் பாறையில் ஏறி விளையாடிய ஆள். மேலிருந்து குடைந்து இறக்கிய ஒற்றைக்கல் கோயிலைப் பார்த்த கண், இங்கே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து தேடியது. நகத்தை வைத்துப் பார்க்கப் போனாள், காவலர் விசில் அடித்தார். "அங்க எடுத்துப் போட்டான், இங்க சேத்து வச்சிருக்கான்" என்றாள். காண்டோர் கோயிலில் வழிகாட்டி தரையில் இருந்த கல்லைக் காட்டி, இது தலை, இது கழுத்து, பின்னால் இருக்கிற இரண்டு பாறையும் விரித்த இறக்கை என்றார். என்ன பறவை என்று கேட்டாள். கழுகு ஜாதி என்றேன். "இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று சிரித்தவள், அந்த இடத்தைவிட்டு நகர நேரமாயிற்று. காலண்டர் படத்தை நான் அப்போது மறந்திருந்தேன்.

திரும்புகிற ரயில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கு. நடுவழியில் நின்றது. தண்டவாளத்தில் மண் விழுந்திருப்பதாக அறிவித்தார்கள், மழை ஓயவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பணியாளர்கள் ஆல்பாக்காக் கம்பளியைப் போட்டு நடந்து காட்டி விற்பனை செய்தார்கள், அம்மா கைதட்டினாள், வாங்கவில்லை. கடலைமிட்டாய் பெட்டி முழுக்கச் சுற்றி வந்தது. எதிரில் இருந்த இளைஞர்கள் இருவர் ரயிலுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவர்கள், குஸ்கோவுக்குத் தனியாகப் பேசிவைத்த வண்டி போய்விட்டதாகச் செய்தி வந்து முகம் வாடியிருந்தார்கள். எங்கள் பஸ் நிற்குமா என்று எனக்கும் உள்ளூர உதறல்.

ஒய்யாரத் தம்பியில் இறங்கும்போது ஏழேகால், நல்ல இருட்டு. பஸ் நின்றுகொண்டிருந்தது. ஒரே டிக்கெட்டின் அருமை அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. வாசலில் ஒருவர் டார்ச் வெளிச்சத்தில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அம்மாவின் முறை வந்ததும், படிவத்தில் நான் போட்டபடியே, அவள் பெயரை இரண்டு தடவை வாசித்தார். அம்மா இரண்டு தடவை கையைத் தூக்கினாள்.